மேக ராணியா, சூனியக்காரியா?

ஏப்ரல் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

நலம். ஃபோனில் பேசினால் ஹலோவுக்கு அடுத்த வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

லீவுக்கு வரப்போகும் கார்ட்டூன் படங்களை எல்லாம் நம் மகள் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாளே! கடலுக்கடியில் பள்ளிக்கூடம் நடத்தும் ஆமை, நெருப்பு கக்கத் தெரியாத டிராகன், அப்புறம் மேகக் கோட்டை. இந்த மேகக் கோட்டைக்குத்தான் நான் டப்பிங் பேசப்போகிறேன். சொன்னதும் நேற்று ஃபோனில் ஒரே போடாகப் போட்டாள்: "படத்துல நீ யாருன்னு நானே கண்டுபிடிப்பேன். கண்டுபிடிச்சா லீவு முழுக்க உன்கூட. இல்லன்னா அப்பாகூடதான்."

நான் வீட்டை விட்டு வந்த பிறகு அவள் என்னிடம் வருவதாகச் சொன்னதே இதுதான் முதல் தடவை. அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: நான்தான் மேக ராணி. அவள் திணறினால் லேசாக ஒரு சாடை காட்டுங்கள். வழக்கம்போலப் படத்தில் தூங்கிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வாண்டுவின் அம்மா

மே 2

வாண்டுவின் அம்மாவுக்கு,

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது எனக்கு.

முதலில் தெரியாமல் ஆமைப் படத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். அங்கிருந்து ஓடி மேகக் கோட்டைக்கு வந்தோம். ராணி வாய் திறந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. இவ்வளவு இதமாகப் பேசுகிறவளோடா மல்லுக்கு நின்றேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் சூனியக்காரி தன் வௌவால்களைப் பார்த்து, "கை கழுவாம தட்டுல கை வெச்சா, கையே இருக்காது!" என்று அதட்டியதும் வாண்டு துள்ளி எழுந்தாள். "அப்பா, அம்மா!"

"இல்லடா, ராணிதான் அம்மா."

"இல்லவே இல்ல!"

"அம்மாவே எங்கிட்ட சொல்லியிருக்கா."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அம்மா குரல் மறந்துபோச்சாப்பா?" என்றாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. கண்டுபிடிக்கவில்லையாம், அதனால் உன்னிடம் வரமாட்டாளாம். சத்தியமாக நான் அவளைத் தடுக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது, நீயே சொல்.

வாண்டுவின் அப்பா

மே 6

வாண்டுவின் அப்பாவுக்கு,

தப்பு முதலில் என்னுடையது. ரிக்கார்டிங்குக்குப் போன அன்றே டைரக்டர், "உங்க குரல்ல ஒரு அதட்டல் இருக்கும்மா" என்று என்னைச் சூனியக்காரியாக்கிவிட்டார். எழுத நினைத்தேன், வேலையில் மறந்துபோனேன். ராணிக்குப் பேசியது ஒரு கல்லூரிப் பெண். என் மகள் சொன்னதுதான் சரி. நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எனக்கும் ஒன்று விளங்கவில்லை. லிஃப்ட்டில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மெக்கானிக் நீங்கள். எவளோ ஒருத்தியின் குரலுக்கு உங்களுக்குத் தொண்டை எப்படி அடைத்தது? "நான் பேசறது உங்க காதுலயே விழறதில்ல" என்று சொல்லிச் சொல்லித்தானே நான் கிளம்பினேன்? சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சூனியக்காரி

மே 10

சூனியக்காரிக்கு,

சொல்லிவிட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று வீடே அதிரக் குதித்தாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷை இப்போதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் எதால் பல் தேய்ப்பது என்று என்னைக் கேட்கிறாள். சனிக்கிழமை ரயிலில் அழைத்து வருகிறேன்.

நேற்று வேலை முடிந்து நான் மட்டும் மறுபடி அந்தப் படத்துக்குப் போனேன். டிக்கெட் கிழிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவதற்கு முன்னால் சூனியக்காரி ஒரு மூச்சு இழுக்கிறாள். வீட்டில் அந்த மூச்சுச் சத்தம் கேட்டாலே நான் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு நீ என்ன சொல்வாய் என்று நேற்றுதான் முழுதாகக் கேட்டேன். எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் "சாப்டீங்களாடா?" என்கிறாய். அது எழுதிக் கொடுத்த வசனமா, நீயாகச் சேர்த்துக்கொண்டதா?

குழந்தையை விட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டுமா, உள்ளே வந்து கொஞ்சம் உட்காரலாமா, அதுவும் எனக்குப் புரியவில்லை. நீ சொல். மூச்சை இழுத்துக்கொண்டே சொல். நான் கிளம்ப மாட்டேன்.

வாண்டுவின் அப்பா