மூன்று கிலோவுக்குள் ஒரு பை

2025 ஜூன் 12, வியாழன்

காலை 5.10க்கு ஊர்த் தண்ணீர் டேங்குக்கு மோட்டார் போட்டேன். 7.40க்கு டேங்க் நிறைந்தது. ஒன்பது மணிக்கு ஸ்டெல்லாவைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பப்பை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் தையல் ஒருமுறை பிரிந்து மறுபடி போட்டார்கள், அதனால் டாக்டரம்மா வயிற்றை ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்தார். நன்றாக ஆறிவிட்டது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார். தூக்குவதுதான் கூடாது. இந்த வருஷம் முழுக்க மூன்று கிலோ, அதற்கு மேல் வேண்டாம்.

இவள் உடனே, "அப்ப வேளாங்கண்ணிக்கு நடக்கலாமா டாக்டர்?" என்றாள். கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"நடங்க. பையை வேற யாராச்சும் தூக்கட்டும்."

வெளியே வந்து வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். "என் பைய நான்தான் தூக்குவேன். அப்படித்தான் மாதாவுக்கு வேண்டினு இருக்கறேன்."

போன வருஷம் பூரா அவளால் ஒரு குடம் தூக்க முடியவில்லை. தண்ணீர் நான் எடுத்தேன், துணி மகள் லில்லி துவைத்தாள், அரிசி மூட்டையைப் பக்கத்து வீட்டார் இறக்கிவைத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வில்லியனூர் மாதா கோவிலில் அவள் அழுதுகொண்டே வேண்டிக்கொண்டது இதுதானாம் – பிழைத்து எழுந்தால் என் மூட்டையை நானே சுமந்து நடந்து வருகிறேன். எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

ஆகஸ்டில் ஒன்பது நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. என் மோட்டார் டியூட்டியைக் கூட வேலை செய்யும் கலைச்செல்வன் பார்த்துக்கொள்வான்.

ஜூன் 15, ஞாயிறு

பரணில் இருந்து பழைய பையை இறக்கினேன். பட்டாளத்துத் துணி, இரும்பு வளையம், இரட்டைத் தையல். பதினாலு வருஷம் முன்பு பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. பதினாலு தடவை வேளாங்கண்ணி போயிருக்கிறது. ஒரு நூல் பிரிந்ததில்லை. இதையே ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மீன் கொண்டுவரும் அமிர்தம் அக்காவிடம் கொக்கி மாட்டித் தூக்கும் தராசு இருக்கிறது. காலிப் பையை மாட்டிப் பார்த்தோம். இரண்டு கிலோ அறுநூறு.

"இன்னாடா பாக்யராஜு, காலிப் பைக்கே இந்த எடையா? மிச்சம் நானூறு கிராம்ல உன் பொண்டாட்டி இன்னா எடுத்துனு போவா? ரெண்டு வாழப்பழமா?"

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பையில் இப்போது வஞ்சிரம் வாசனை.

ஜூன் 21, சனி

லில்லி நர்சிங் படிக்கப் போனதிலிருந்து எங்கள் இருவருக்கும் அவள்தான் டாக்டர். போனில் ஒரு பையைக் காட்டினாள். மலை ஏறுகிறவர்கள் மாட்டுவதாம். எடை 580 கிராம்.

"ஊதுனா பறந்துடும். இது இன்னா பை? மழைக்குப் போத்திக்கற பிளாஸ்டிக் காயிதம்" என்றேன்.

"ப்பா, அம்மா இன்னா சிமெண்டா தூக்கப் போறாங்க? ரெண்டு பொடவ, ஒரு போர்வ, மருந்து. அதுக்கு இது போதும்."

"நடுவழியில கிழிஞ்சா?"

"கிழிஞ்சா அம்மாவே தச்சிக்குவாங்க."

ஸ்டெல்லா கம்பெனியில் மிஷின் தைக்கிறவள். தைத்துவிடுவாள்தான். ஆனால் ஏழு நாள் நடை, மழை பெய்யலாம், தார் ரோட்டில் போட்டு எடுக்க வேண்டும். உழைக்காத பொருளைக் கையால் தொட எனக்குப் பிடிக்காது. ஆர்டர் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 28, சனி

பை வந்தது. நீல நிறம். தொட்டால் சரசரவென்கிறது. ஸ்டெல்லா மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

தப்பு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கோணி வாங்கினாலும் சாக்கு வாங்கினாலும் நிறையப் போட்டுத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டோம். எங்கப்பா நெல் மூட்டை தூக்கியவர். அந்தப் புத்தி. பூசை முடிந்து வந்து, பத்து கிலோ அரிசியை நீலப் பைக்குள் போட்டு, ஒற்றை வாரைப் பிடித்து இரண்டு தடவை உதறினேன். தோள்பட்டையில் சர்ரென்று பிரிந்தது. அரிசி கூடம் பூரா சிதறியது.

"பாத்தியா? இதத்தான் சொன்னேன்" என்று திரும்பினேன். ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையும் அடிவயிற்றின் மேல் இருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டாள்.

தையல் பிரிகிற சத்தத்தை அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்கவைத்திருக்கிறேன். இது எனக்கு அரிசி பொறுக்கும்போதுதான் உறைத்தது. மூன்று கிலோ போட வேண்டிய பையில் பத்து கிலோ போட்டு உதறுகிறவன் எவ்வளவு பெரிய மடையன்.

ஜூன் 30, திங்கள்

பேச்சில்லை. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

ஸ்டெல்லா பையைத் தைத்துவிட்டாள். பிரிந்த இடத்தில் உள்ளே நாடா வைத்து மூன்று ஓட்டுத் தையல். எடை கூடியது இருபது கிராம். நான் இழுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"போதும். இனிமே இதை நீங்க டெஸ்ட் பண்ண வேணாம்."

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் ஊர் உறுவையாறிலிருந்து பாகூர் ஏரிவரை போய்த் திரும்பினோம். அவள் நீலப் பை, இரண்டு கிலோ. நான் வெறுங்கை. கரையில் உட்கார்ந்து பன் தின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை விடியற்காலை கிளம்புகிறோம். ஊரிலிருந்து முப்பத்தொரு பேர். இருசப்பன் அண்ணன்தான் இந்த வருஷமும் தலைவர், கொடி பிடிப்பதும் அவரே. சமையல் சாமானுக்கும் மற்றவர்கள் பைகளுக்கும் ஒரு சின்ன யானை லோடு வண்டி கூட வரும்.

அமிர்தம் அக்கா தராசோடு வந்தாள். ஸ்டெல்லாவின் பை: புடவை இரண்டு, போர்வை, மருந்து, செபமாலை, செபப் புத்தகம், அரை லிட்டர் தண்ணீர். எல்லாம் சேர்த்து 2.850.

என் பை 13.400. கயிறு, டார்ச், குடை, பாய், குளுக்கோஸ், வெந்நீர்ப் பை, அவளுக்கு இன்னொரு போர்வை. "இன்னாத்துக்குக் கயிறு?" என்றாள் ஸ்டெல்லா. இருக்கட்டும் என்றேன். அவள் தூக்கினால் நானும் தூக்குவேன். வண்டியில் போடமாட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

உறுவையாறு–கடலூர், 22 கி.மீ. ஸ்டெல்லா கடைசி மூன்று கிலோமீட்டர் வயிற்றில் கை வைத்துக்கொண்டே நடந்தாள். வலியா என்றால் இல்லை என்கிறாள். ஆனால் சாயங்காலம் பையைக் கழற்றும்போது பல்லைக் கடித்ததைப் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடலூர்–புதுச்சத்திரம், 25 கி.மீ.

விடியற்காலையில் அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து புடவைகள், போர்வை, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து என் பைக்கு மாற்றினேன். பை உப்பலாகத் தெரிய, வண்டியில் கிடந்த காலி பிஸ்கட் அட்டைப் பெட்டி ஒன்றை மடித்து உள்ளே வைத்தேன். சாயங்காலம் அவள் கால் கழுவப் போனபோது பழையபடி வைத்துவிட்டேன். கண்டுபிடிக்கவில்லை.

மதியம் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். "இன்னிக்குப் பையே தெரியலிங்க. மாதாவே பின்னால இருந்து தாங்கறா மாதிரி இருக்குது." கண் கலங்கிவிட்டாள். அப்புறம் வழி முழுக்க செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். நல்லதுதானே செய்கிறேன்? டாக்டர் சொன்னதைத்தானே செய்கிறேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

புதுச்சத்திரம்–சிதம்பரம், 20 கி.மீ. இன்றும் மாற்றினேன்.

மத்தியானத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. இடது தோளில் வார் அறுத்து சட்டை ஒட்டிக்கொண்டது. குதிகாலில் கொப்புளம். சிதம்பரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். இருசப்பன் அண்ணன்தான் பையைக் கழற்றினார். "இன்னாடா, கல்லு கட்டிக்கினு வர்றியா? நாளைலேர்ந்து இது வண்டியில போவுது, அவ்ளோதான்."

ஸ்டெல்லா என் தோளைப் பார்த்துப் பதறிப்போய், களிம்பு எடுக்க என் பையைத் திறந்தாள். மேலாகவே அவளுடைய மஞ்சள் புடவை இருந்தது. திருப்பி வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

புடவையை எடுத்தாள். போர்வையை எடுத்தாள். புத்தகத்தை எடுத்தாள். பிறகு போய்த் தன் பையைத் திறந்து அந்த அட்டைப் பெட்டியை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ரெண்டு நாளா மாதாவுக்கு நன்றி சொல்லினு வந்தேன். உனக்கா சொன்னேன்?"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னை அவள் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"உன் வயித்துக்காகத்தான்..." என்றேன்.

"என் வயிறு எனக்குத் தெரியும். வலிச்சா எறக்கி வெச்சிருப்பேன். நான் தூக்கறேனா இல்லியான்னு எனக்கே தெரியாம பண்ணிட்டியே."

அப்புறம் களிம்பைத் தடவிவிட்டாள். கை மெதுவாகத்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிதம்பரம்–சீர்காழி, 20 கி.மீ. என் பை வண்டியில். அவள் பை அவள் முதுகில், 2.850. கொள்ளிடம் பாலத்தில் இரண்டு தடவை பையை இறக்கிவைத்து நின்றாள். நானும் பத்தடி தள்ளி நின்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

தரங்கம்பாடி. 30. மழை. அவள் பை உள்ளே நனையவில்லை. வண்டியில் இருந்த என் பை தண்ணீர் குடித்து இன்னும் கனத்துவிட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாகூர், 30 கி.மீ. மத்தியானம் ஸ்டெல்லாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த எடத்துலேர்ந்து எந்த எடம் வரைக்கும் எடுத்த? சரியா சொல்லு."

"கடலூர்ல ஆரம்பிச்சி சிதம்பரம் வரைக்கும்."

"எத்தன கிலோமீட்டர்?"

இந்த நோட்டைப் பார்த்துச் சொன்னேன். இருபத்தைந்தும் இருபதும் நாற்பத்தைந்து. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேளாங்கண்ணி. 16 கி.மீ. சாயங்காலம் கொடியேற்றம். கூட்டத்தில் கொடியைப் பார்க்க முடியவில்லை, சத்தம்தான் கேட்டது. எல்லோரும் அழுதார்கள். ஸ்டெல்லா அழவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "எனக்கு இன்னும் முடியல. நாப்பத்தஞ்சி பாக்கி இருக்குது. இங்கேர்ந்து திரும்பி நடக்கப் போறேன், தரங்கம்பாடி வரைக்கும். அங்கேர்ந்து பஸ் ஏறிக்கலாம். நீ வண்டியில போ, உன் கால் புண்ணு."

இருசப்பன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேளாங்கண்ணிக்கு நடந்து வருவாங்க. வேளாங்கண்ணியிலேர்ந்து யாரும்மா நடந்து போறது?"

என் பையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். நானும் நடக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

வேளாங்கண்ணி–நாகூர், 16 கி.மீ. ரோடு முழுக்கக் காவி உடுத்திய கூட்டம் எதிரில் வருகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த் திசையில். ஒரு பெரியவர் வழியை மறித்தே நின்றுவிட்டார். "ஏம்மா, கோவிலு அந்தாண்ட இருக்குது."

"பாத்துட்டுதான் வர்றோம்ணே. கொஞ்ச தூரம் பாக்கி" என்றாள் ஸ்டெல்லா.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் அவள் சிரித்து முடித்த பிறகுதான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாகூர்–தரங்கம்பாடி, 30. காரைக்கால் தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. இன்று ஆறு தடவை பையை இறக்கிவைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

ஐந்தேகாலுக்குத் தரங்கம்பாடி பஸ் ஸ்டாப். நேற்றும் இன்றும் சேர்த்து நாற்பத்தாறு. ஒரு கிலோமீட்டர் அதிகம் என்றேன். "இருக்கட்டும், மாதாவுக்கு" என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று முடிக்காமல் விட்டதை எழுதுகிறேன்.

பாண்டி பஸ்ஸில் நல்லவேளையாக உட்கார இடம் கிடைத்தது. ஸ்டெல்லா நின்றுகொண்டு பையைக் கழற்றினாள். மேலே கம்பித் தட்டில் வைக்க வேண்டும். பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது. பாதியில் இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

"ஏங்க."

திரும்பினேன்.

"முடிஞ்சிடுச்சிங்க. கை வலிக்குது. இதக் கொஞ்சம் மேல வைங்க."

இரண்டு கையாலும் வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது.