மாதா பெயரில் ஒரு மீல்மேக்கர் குழம்பு

மருமகள் ஜொவிட்டாவுக்கு,

மாலைப் பூசைக்குப் போகிறேன். சாவியையும், ஒட்டிய உறையில் இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு விசாலாக்ஷியிடம் கொடுத்திருக்கிறேன். திரும்பும்போது மைத்துனர் பவுல்சாமியை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து வருவேன்.

என் நெஞ்சுவலிக்கு டாக்டர் ஆட்டுக்கறியை நிறுத்தச் சொன்னதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் நீ மீல்மேக்கரைத்தான் போடுகிறாய். தேங்காய்ப்பாலுக்குப் பதில் தக்காளியை அரைத்து ஊற்றுகிறாய். மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறேன். ஆனால் போன வாரம் பவுல்சாமி, "இன்னா மச்சான், எலும்பே இல்லாத ஆடா இது?" என்று கேலி செய்தபோது நீ என்ன சொன்னாய்? "மாமா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை வச்சிருக்காரு. ஒரு வருஷம் கறி தொட மாட்டாரு."

வியாதியை வெளியே சொல்லாதே என்றுதான் சொன்னேன். மாதாவின் பெயரில் பொய் சொல்லச் சொல்லவில்லை. இப்போது கோயிலில் எல்லோரும் என்ன நேர்ச்சை என்று கேட்கிறார்கள். பங்குச் சாமியாரே கேட்டுவிட்டார். அதனால்தான் இந்த வாரம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை.

இந்த வீட்டில் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது. ஆகையால் இன்று காலை மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த நேர்ச்சையை உண்மையாகவே செய்துவிட்டேன். நீ சொன்னபடியே ஒரு வருஷம்.

எனக்கு மீல்மேக்கர் குழம்பே வை. பவுல்சாமிக்கு ஆட்டுக்கறி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், தனியாகச் சமைத்துவிடு. விருந்தாளிக்குப் பத்தியச் சாப்பாடு போடும் வீடு அல்ல இது.

சவரிமுத்து

பி.கு.: உப்பையும் விட்டுவிடுவதாக மாதாவிடம் நான் சொல்லவில்லை. கொஞ்சமாவது போடு.