தனியா போட்ட பியர்

இன்று காலை என் மனைவி சாம்பார்ப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மாடிக்கு ஏறி வந்ததும் பாதி ஷேவிங்கில் கை நின்றுவிட்டது. நீ போய் இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

டெக்ஸாஸில், ரிச்சர்ட்சன் அபார்ட்மென்ட்டில் நாம் சேர்ந்து இருந்த கடைசிக் கோடை அது. பெல்ஜியத்துப் பண்ணைகளில் வெயில் காலத்துக்கென்றே மசாலா போட்டு ஒரு பியர் காய்ச்சுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்தவன் நீ. மற்ற பியருக்குக் குளிர்ச்சி வேண்டும், இதன் ஈஸ்டுக்குச் சூடு இருந்தால்தான் குஷி என்று தெரிந்ததும், "டெக்ஸாஸுக்குன்னே கண்டுபிடிச்சிருக்கான்டா!" என்று குதித்தாய். ஆரஞ்சுத் தோலும் மிளகும் வாங்கியாயிற்று. சுக்கு என் யோசனை. வரும்போது மல்லி வாங்கி வா என்று உன் ஆபீசுக்கு போன் செய்தேன். நீ மெக்சிகன் கடையில் பச்சைக் கொத்தமல்லி இரண்டு கட்டு வாங்கி வந்து, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கொதிக்கிற பானையில் போட்டுவிட்டாய்.

"ரசம் ரெடி," என்றேன்.

"விதை வேணும்னா தனியான்னு சொல்லித் தொலையேன்டா! பொள்ளாச்சில என்னதான் தமிழ் பேசறீங்க?"

அத்தனையையும் சிங்க்கில் கொட்டினோம். அடுத்த முறை விதையை நான் இடித்தேன், நீ கிளறினாய். முதல் கிளாஸ் உனக்குத்தான். கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "இது நம்மளோடதுடா," என்றாய்.

அதற்கடுத்த பியர் துணி மாட்டும் க்ளாசெட்டுக்குள் பெரிய கண்ணாடி ஜாடியில் பொங்கிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டி என்ற ஊரிலிருந்து அந்த அங்கிள் வந்தார். எனக்குப் பேசியிருந்த பெண்ணின் சித்தப்பா. கோவையில் இருந்த அவளோடு ஞாயிறுதோறும் போனில் பேசிப் பேசி, என் மனதுக்குள் கல்யாணமே முடிந்திருந்தது. இவர் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் தேதி குறிப்பார்கள். நீ காபி போட்டுக்கொண்டிருந்தாய். க்ளாசெட்டிலிருந்து களக், களக் என்று சத்தம்.

"அதென்ன தம்பி சத்தம்?"

நான் பதிலைத் தேடுவதற்குள் நீயே போய்க் கதவைத் திறந்து காட்டினாய். "பியர் அங்கிள். வீட்லயே போடறது."

"ரெண்டு பேரும் சேர்ந்துங்களா?"

"ஐயோ, நான் தொடறதே இல்ல அங்கிள். அவன் தனியாத்தான் போடறான்."

நான் ஒரு முட்டாள். நீ விதையைத்தான் சொல்கிறாய், எப்படியோ பேச்சை மசாலா பக்கம் திருப்பி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று நினைத்து, "ஆமாங்க, தனியாதான்," என்று நானும் தலையாட்டினேன். அவர் காபியைத் தொடாமல் எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அவள் போனை எடுக்கவில்லை. அதன் பிறகு எடுக்கவே இல்லை.

"எனக்கும் வீட்ல பொண்ணு பாக்கறாங்கடா. ரெண்டு பேர் பேரும் கெடணுமா?" என்று கேட்டாய். அது துரோகம் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. அந்த மாதமே நான் வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

உன் சாவுக்கு வந்தேன். இத்தனை சின்ன வயதில் மாரடைப்பு என்பதை நம்பவே முடியவில்லை. மனம் இளகித்தான் இருந்தது. உன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அவர் ஒரு சொட்டு குடிச்சதில்லண்ணா. உங்களோட இருந்தப்போ, நீங்க தனியா பியர் போடுவீங்க, தான் கிட்டகூட வந்ததில்லைன்னு சொல்லியிருக்கார்." அங்கிளுக்குச் சொன்னது பயத்தில் சொன்ன பொய் என்றாவது வைத்துக்கொள்ளலாம். இவளிடமும் அதையே ஏன்டா சொன்னாய்? கண்ணை மூடிக் குடித்தாயே, அந்தக் கிளாசையும் இல்லை என்றாக்கிவிட்டாயே.

காலையில் நான் கீழே இறங்கியபோது என் மனைவி, "இன்னும் கொஞ்சம் வறுக்கணும், அந்தத் தனியா டப்பாவை எடுங்க," என்றாள். அவளும் உன்னை மாதிரி மெட்ராஸ்தான்.

"மல்லிதானே?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் மல்லிதானா?" என்று சிரித்தாள். ஊர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.