மதினி, உங்களை அடித்துப் பழக்கிய நாட்கள்

மதினி,

கீழ்ச்சரிவில் கவாத்து நடக்கிறது. இடுப்பளவு நின்ற தேயிலைச் செடிகளை முழங்காலளவுக்கு வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். வெட்டுப்பட்ட பச்சைக் குச்சியின் வாடை காலையிலிருந்து லயம் முழுக்க நிற்கிறது. கதவைச் சாத்தினாலும் போகவில்லை. மற்றவர்களுக்கு அது தேயிலை வாடை. எனக்கு அது அண்ணன் கையிலிருந்த கத்தியின் வாடை. அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்தவரை எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் உங்களிடம் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

ஐயாவும் அம்மாவும் பேதியில் போன பிறகு அண்ணன் என்னை இந்த மலைக்குக் கூட்டி வந்தான். தேவிகுளம் போகிற பாதையில், ஓடையை ஒட்டிய லயத்தில் கடைசி வீடு எங்களுக்கு. மறு வருசம் ஊருக்குப் போய் உங்களைக் கட்டிக்கொண்டு வந்தான். தகரப் பெட்டியைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமலே மலையேறி வந்தீர்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அண்ணன் குடிக்காத நாளில் நல்லவன் என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. குடிக்காத நாள்தான் குறைவாக இருந்தது.

முதல் அடி எதற்கு என்று எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆடி மாதத்து உதை மறக்கவில்லை. சுவரோரம் சுருண்டு கிடந்த உங்களை அவன் அடிவயிற்றில் உதைத்தான். மறுபடியும் அதே இடத்தில் உதைத்தான். சாணம் மெழுகிய தரையில் ரத்தம் ஓடி வாசற்படியைத் தாண்டியது. வயிற்றிலிருந்தது போய்விட்டது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். எல்லாருக்கும் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தரையைக் கழுவினேன். நீங்கள் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்குகிற சாக்கில் என்னை ஓடைக்குக் கூட்டிப் போனீர்கள். தண்ணீருக்குள் கிடந்த ஒரு உருண்டைக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்தீர்கள்.

"எங்க ஊர்க் கோயில் முன்னாடி இப்பிடி ஒரு எளவட்டக்கல்லு கெடக்கும் பேச்சி. அதைத் தூக்கித் தோள்ல போட்டவனுக்குத்தான் பொண்ணு குடுப்பாக. எங்க ஐயா பயலுகளுக்குப் பழக்கிக் குடுப்பாரு. நான் மதில்மேல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

"தூக்கியிருக்கீகளா மதினி?"

"பொட்டப்புள்ளைய யாரு விட்டா? இப்ப தூக்கிப் பாப்போம்."

அன்றைக்குக் கல் அசைந்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து முழங்காலுக்கு வந்தது. மடிக்கு வர அதைவிட நாளானது. எனக்கும் ஒரு சின்னக் கல் பார்த்துக் கொடுத்தீர்கள். கொழுந்து கிள்ளி முடித்து, கூடையைக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஓடைக்கு ஓடுவோம். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "கவாத்துக்கு" என்பீர்கள். தேவிகுளத்தில் போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று கையையும் காலையும் வீசுவதற்கும் அதுதானே பேர். கேட்டவர்கள் செடி வெட்டுவதாக நினைத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு விசயத்துக்குத்தான்.

எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. "தெனமும் இந்தக் கல்லோட மல்லுக்கட்டணுமா?" என்று ஒருநாள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

"சலிச்சா கல்லைப் போட்ருவோம். ஒடம்புக்கு ஒரே வேலையக் குடுத்தா அது தூங்கிருமாம், ஐயா சொல்வாரு. இன்னைக்கு வேற ஏதாச்சும் செய்வோம்."

அன்றைக்கு வீட்டு உலக்கையை எடுத்து வந்து கர்லாக்கட்டை போலத் தலைக்குப் பின்னால் சுற்றினோம். இன்னொரு நாள் விறகுக் கட்டோடு மேட்டில் நிற்காமல் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டால் கூரை விட்டத்தில் தொங்கினோம். இடுப்பளவுத் தண்ணீரில் இழுப்புக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தோம். எனக்கு மிகவும் பிடித்தது மணிக்கட்டுப் பிடி. நான் உங்கள் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும், நீங்கள் திருகி உருவ வேண்டும், பிறகு மாற்றிப் பிடிக்க வேண்டும். தோல் உரிந்து எரியும். சில நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் பாறையில் படுத்துக் கிடப்போம். "இதுவும் கணக்குத்தான்" என்பீர்கள். நாளைக்கு என்ன என்று தெரியாததால்தான் நாளைக்கு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதைத் தெரிந்தே செய்தீர்கள் என்று பிற்பாடுதான் புரிந்தது.

மறு வருசத்து மழையில் எல்லாம் நின்றது. அண்ணன் விறகுக் கட்டையால் அடித்தான். உங்கள் இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்தது. கல்லை மார்புவரை தூக்கத் தொடங்கியிருந்த நீங்கள், அவன் அடிக்கும்போது பழையபடி கண்ணை மூடிச் சுவரோரம் சுருண்டீர்கள். அதன் பிறகு வேலைக்குப் போவதும் வருவதும் சுவரைப் பார்த்துப் படுப்பதுமாக இருந்தீர்கள். ஓடைக்கு வாங்க என்றால் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

"எம்புட்டுத் தூக்கி என்னளா? அவுக கையை ஓங்குனா என் கண்ணு தானா மூடிக்கிடுது. கால் நடுங்குது. பெலம் எல்லாம் ஓடையிலயே கெடந்துருது, வீட்டுக்கு வரமாட்டேங்குது."

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, "அப்ப நடுக்கத்துக்கும் ஒரு பழக்கம் போடுவோம் மதினி" என்றேன்.

எனக்கு அண்ணன் ஜாடை. அதே நெற்றி, அதே தாடை. குரலைத் தடித்து இழுத்தால் அவனேதான். மறுநாள் ஓடைக்கரையில் அவன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு உங்கள் முன்னால் நின்றேன். அவன் சொல்கிற வார்த்தைகளையே சொன்னேன். "எவன்கிட்டளா பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன?" என்று கத்திக்கொண்டு கம்பை ஓங்கினேன். நீங்கள் நிஜமாகவே சுருண்டு விழுந்தீர்கள். உங்கள் உதட்டில் ரத்தம் வந்திருந்தது, நீங்களே கடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. கம்பைப் போடப் போனேன்.

"போடாத. இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். ஓங்கினேன். நீங்கள் கண்ணை மூடினால் அடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அடித்தேன். தோளில், தொடையில், முதுகில். உங்கள் உடம்பில் அந்த மழைக்காலத்தில் இருந்த கன்றலில் பாதி என்னுடையது. ஒரே பக்கமிருந்து வந்தால் பழகிவிடும் என்று ஒருநாள் பின்னாலிருந்து முடியைப் பிடித்தேன், ஒருநாள் பாத்திரத்தை எறிந்தேன், ஒருநாள் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று அறைந்தேன். மழை விட்டு வெயில் அடித்த ஒரு மாலை, நான் ஓங்கிய கம்பு பாதி வழியில் நின்றது. உங்கள் கை என் மணிக்கட்டில் இருந்தது. கண் திறந்திருந்தது. அதற்குள் என்னையே பார்த்தேன், அண்ணனாக. சத்தியமாகச் சொல்கிறேன் மதினி, எனக்கே பயமாகிவிட்டது.

அடுத்த கவாத்துக்கு முன்னால் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் தண்ணீருக்குப் போயிருந்தீர்கள். அண்ணன் மத்தியானமே குடித்துவிட்டு வந்தான். கையில் கவாத்துக் கத்தி, அப்போதுதான் தீட்டியது. கள்ளுக்கடையில் எவனோ ஊதிவிட்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம எவன் தோட்டத்துல கவாத்து? எவனப் பாக்கப் போறா அவ? நீ என்ன அவளுக்கு வெளக்குப் பிடிக்கியா?"

கத்தியின் கட்டையால் என் கன்னத்தில் இடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் உருண்டது. முடியைச் சுற்றிப் பிடித்து என்னை முற்றத்துக்கு இழுத்து வந்து, மண்டியிட வைத்து, கத்தியைத் திருப்பினான். கூடப் பிறந்தவன் வெட்டமாட்டான் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். அவன் கண்ணைப் பார்த்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது.

குடம் விழுகிற சத்தம் கேட்டது. நீங்கள் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தீர்கள். அவன் என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் ஓங்கினான். மணிக்கட்டைப் பிடித்தீர்கள். கத்தி உங்கள் முன்கையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. விடவில்லை. திருகினீர்கள், கத்தி கீழே விழுந்தது. அவன் தலையால் உங்கள் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். அப்போதும் கண்ணை மூடவில்லை. குனிந்து அவன் இடுப்பைக் கட்டி முழங்காலுக்கு ஏற்றினீர்கள், மடிக்கு ஏற்றினீர்கள், தோளுக்கு ஏற்றினீர்கள். ஒரு மூச்சு நின்றீர்கள். அப்படியே விறகடுக்கின் மேல் போட்டீர்கள். அவன் கை ஒடிந்த சத்தம் காய்ந்த குச்சி ஒடிந்தது போலவே இருந்தது.

அவன் இன்னொரு கையால் கத்தியைத் துழாவினான். அந்தக் கையின் மேல் காலை வைத்து நின்றீர்கள்.

"எந்திரிக்காதீக. எந்திரிச்சா இன்னொருக்கத் தூக்குவேன்."

லயத்துக் கதவுகள் அத்தனையும் திறந்திருந்தன. நீங்கள் ஓடையில் போய் முகம் கழுவினீர்கள். நான் பல்லைத் துப்பிவிட்டு, அண்ணன் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். அழுதுகொண்டே கட்டினேன். அவனுக்காகவும் அழுதேன் மதினி. அதற்கு நீங்கள் ஒருநாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

மறுநாள் பேர் கூப்பிடுகிற களத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கங்காணி விசாரித்தார். நடந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. "புருசன் மேல கை வச்சிருக்க. அத்தனை பேர் முன்னால அவன் கால்ல விழு, முடிச்சிருவோம்" என்றார்.

உங்கள் மூக்கு வீங்கி முகமே மாறியிருந்தது. "விழ மாட்டேன்யா. வேணும்னா அவுகள இன்னொரு தடவ வரச் சொல்லுங்க" என்றீர்கள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பெண் குரல். அதுதான் கங்காணியைச் சுட்டது. உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு எந்த ஆணும் கால் வைக்கக்கூடாது என்று அங்கேயே கட்டுப்பாடு போட்டார். அண்ணன் கை கோணலாகக் கூடியது. ஒரு மாதத்தில் வேறு தோட்டத்துக்குப் போனான், அங்கேயே வேறொருத்தியோடு இருந்தான். நான் உங்களோடுதான் இருந்தேன்.

முதலில் வந்தவள் மாடத்தி, எதிர் வரிசைக்காரி. ஒரு கண் கறுத்து மூடியிருக்க, ஓடைக்கரையில் பேசாமல் நின்றாள். நீங்கள் கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு கல்லைக் காட்டினீர்கள். பிறகு ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள். எல்லாரும் ஜெயித்தார்கள் என்று எழுதினால் பொய். ஒருத்தி நாலாம் நாளே நின்றுவிட்டாள். மாடத்தி திருப்பி அடித்த பிறகும் அவள் புருசன் அவளை அடித்தான், ஆனால் யோசித்து அடித்தான். மூட்டு வலிக்காரிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று என்று வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தீர்கள். வராமல் போனவளை அழைக்கப் போகமாட்டீர்கள். அவள் திரும்பி வந்தால், நேற்றுத்தான் போனது போலப் பேசுவீர்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்துக் குளிர்காய்ச்சல் உங்கள் நெஞ்சில் இறங்கியது. அத்தனை கல் தூக்கிய உடம்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் உங்களைக் குளிப்பாட்டி, சேலை சுற்றி, வாசலில் கிடத்திவிட்டுக் காத்திருந்தேன். கட்டுப்பாடு கட்டுப்பாடாகவே இருந்தது. ஒரு ஆணும் வரவில்லை. மத்தியானம்வரை பார்த்தோம். மாடத்திதான் பாடைக்கு மூங்கிலை வெட்டிவந்து போட்டாள்.

ஓடைக்கு வருகிறவர்களில் நாலு பேர் தூக்கினோம், நாலு பேர் மாற்றுக்குக் கூட வந்தார்கள். மழையில் வழி சறுக்கியது. களத்துப் பக்கம் கங்காணியும் ஆட்களும் கம்போடு நின்றார்கள்.

"பொம்பள தோள் குடுக்கதா? இறக்குங்கடி கீழ!"

"வழிய விடுங்க" என்றாள் மாடத்தி.

முதல் அடி என் முதுகில் விழுந்தது. அடுத்தது முழங்காலுக்குப் பின்னால். மாடத்தியின் காது கிழிந்து தோளில் வடிந்தது. கூட வந்தவர்கள் எங்கள் இரண்டு பக்கமும் வந்து அடியை வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை, பாடையை இறக்கவும் இல்லை. அடித்தவர்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் போனது. கை ஓய்ந்து ஒதுங்கி நின்றார்கள்.

குழியையும் நாங்களே தோண்டி மூடினோம். களை வெட்டுகிற கொத்துதான் ஆயுதம். மண் தள்ளி முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் சேறும் ரத்தமுமாக நின்றோம். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மாடத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நாளைக்கு என்ன செய்யணும் பேச்சி?"

உங்களிடம் கேட்கிற கேள்வி அது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஏதோ சொல்ல வேண்டுமே என்று, "நாளைக்கு ஒண்ணும் வேண்டாம். எண்ணெ தேச்சுக் குளிங்க. மறுநாளு மேட்டுக்கு ஓடுவோம்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். சொன்னபடி வந்தார்கள்.

வருசங்கள் போய்விட்டன மதினி. எனக்கு முழங்கால் பிடிக்கிறது, கல்யாணமாகிப் பேரப்பிள்ளையும் வந்தாயிற்று. ஆனாலும் அந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். நேற்றுப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்திருக்கிறது, இன்னொருத்தி எங்கே அடி என்று சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் வருவார்கள். அவர்களுக்கு இன்றைக்கு என்ன கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேச்சி