பதினைந்து மைல் கணக்கு

மாவட்டச் சிறை,
மேற்கு டெக்சஸ்.

அன்புத் தம்பி டேரலுக்கு அண்ணன் ஹார்லன் எழுதுவது. உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

என் பிக்கப் வண்டிக்கு முப்பது வயது. கதவெல்லாம் துரு. ஆனாலும் கேலனுக்குப் பதினைந்து மைல் தவறாமல் கொடுத்தது. டாங்கை நிரப்பும்போதெல்லாம் மைலை நோட்டில் எழுதி வகுத்துப் பார்ப்பது அப்பா நமக்கு விட்டுப்போன பழக்கம். பிப்ரவரியிலிருந்து பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டது. பிளக் மாற்றினேன், பில்டர் மாற்றினேன், ஏறவில்லை. இருபத்துநாலு கேலன் டாங்கில் நாலு கேலன் எங்கே போகிறது? உன் கொட்டகையில் ரப்பர் குழாயைப் பார்த்ததும் திருடன் நீதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று நீ மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாய். "எத்தனை நாளாடா என் பெட்ரோலை உறிஞ்சுற?" என்றேன். "அந்த வண்டி குடிக்கிறது பத்தாதுன்னு நான் வேற குடிக்கணுமாண்ணே?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் அடி. கையில் வீல் ஸ்பானர் இருந்தது. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. விழுந்தவனின் கையைப் பூட்ஸ் காலால் மிதித்தேன். என் மனைவி லொரீன் ஓடிவந்து தோளில் தொங்கியிராவிட்டால் மண்டையிலும் போட்டிருப்பேன்.

இங்கே என்னோடு அடைபட்டிருப்பவன் டயர் கடையில் வேலை பார்த்தவன். "டயர் மாத்தினியா?" என்று கேட்டான். பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு நீ தேடி வாங்கி மாட்டிவிட்ட பெரிய டயர்களைச் சொன்னேன். "அட மூதேவி, டயர் பெருசானா சக்கரம் கம்மியாதான் சுத்தும். மீட்டர் மைலைக் குறைச்சுக் காட்டும். கனம் வேற, கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்" என்றான். மார்ச்சில் போலீஸ்காரன் அறுபத்தாறு மைல் வேகம் என்று அபராதம் போட்டபோது என் மீட்டர் முள் அறுபதில் நின்றது. அவனையும் பொய்யன் என்று திட்டினேன்.

மாடு முட்டியதாகப் போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். உண்மையைச் சொன்ன லொரீன் பொய்க்காரி ஆகிறாள். வெள்ளிக்கிழமை என்னை விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. வெளியே வர எனக்கே பயமாக இருக்கிறது, தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், மாட்டை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

சாவி ஆணியில் தொங்குகிறது. வண்டியை நீ வைத்துக்கொள். கர்த்தர் உன் கையைக் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை முட்டிய மாடு,
ஹார்லன்.