ஸ்பீக்கரில் பாடிய சோலைபாடி

ஏப்ரல், கடைசி ஞாயிறு. இரவு.

படுத்துப் பார்த்தேன். ஆத்திரத்தில் தூக்கம் வரவில்லை.

இன்று சித்தேரி மலையில் பறவைக் கணக்கெடுப்பு. விடியுமுன்னே பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கிளம்பி மலையேறினோம். ஓரிடத்தில் அசையாமல் நின்று, தானாகக் காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் மட்டும்தான் குறிக்க வேண்டும். புதிதாக வரும் எல்லாருக்கும் எங்கள் குழுத்தலைவர் முருகேசன்தான் இதைச் சொல்லித் தருவார். அதே ஆள் இன்று பையிலிருந்து ஒரு ஸ்பீக்கரை எடுத்துப் பாறைமேல் வைத்து, சோலைபாடிக் குருவியின் பாட்டை ஓடவிட்டார். கையில் கேமரா தயாராக இருந்தது.

மூங்கில் புதரிலிருந்து ஆண் சோலைபாடி ஒன்று பறந்து வந்தது. அலகில் குஞ்சுக்குக் கொண்டுபோகும் புழு. தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று நினைத்து, புழுவைப் போட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது.

“சார், நிறுத்துங்க. அதுக்குக் குஞ்சு இருக்குதுங்க.”

“ரெண்டே ரெண்டு போட்டோ மேடம். நான் என்ன கல்லால அடிச்சனா?”



மதியமே வாட்ஸப் குழுவில் படம் வந்துவிட்டது. ‘பொறுமைக்குக் கிடைத்த பரிசு’ என்று கீழே எழுதியிருக்கிறார். பொறுமையாம். இந்நேரம் வரைக்கும் ஒவ்வொருவராகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் மலையிலிருந்து திரும்பும்போதும் அந்தக் குருவி கிளை கிளையாகத் தாவிக் கத்திக்கொண்டுதான் இருந்தது. அது தேடிய எதிரி, முருகேசனின் பைக்குள் எங்களோடு மலையிறங்கிக்கொண்டிருந்தான்.