சாயக் கணத்தாரின் முந்நூறு ஏட்டு ஆற்றறிக்கை குறித்து

முகில் தவழும் ஏழு மலைக்கும் தெளியாறு பாயும் பதினெட்டுக் கூற்றத்துக்கும் உரியவராய், வெண்குடை நிழலில் வீற்றிருக்கும் தண்ணளி வேந்தரின் திருவாய்மொழிப்படி, அவரது ஓலைநாயகம் குறும்பொறையார் எழுதுவது. நீலத்துறை நகரின் அதிகாரியும் கடல்வழி வணிகத்தின் காவலருமாகிய பெருஞ்சாத்தனார் காண்க. உமது துறையில் காற்று தவறாது வீசுக. கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உமது குடியும் கிளையும் நலம் பெறுக. இவ்வாழ்த்துகளை முறைமை கருதியே எழுதினோம் என்பதை மேலே படிக்கப் படிக்க நீரே உணர்வீர்.

ஆற்றையும் காட்டையும் வேலையாட்களையும் எப்படி வைத்திருக்கிறோம் என்று எழுதிக் காட்டாத தொழிற்கணத்தாரிடம் இனி ஒரு முழத் துணியும் வாங்குவதில்லை என்று பொன்னந்தீவின் வணிகர்கள் சொல்லியனுப்பியது நீர் அறிந்ததே. அதன்மேல், நாட்டின் தொழிற்கணங்கள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றறிக்கை எழுதி அனுப்புக என்று வேந்தர் ஆணையிட்டார். நல்ல ஆணைதான். ஆனால் வந்து குவிந்த ஓலைகளைப் படித்த எம் கண்களுக்கு யார் மருந்திடுவார்?

நாற்பது கணங்களில் பதினேழே எழுதின. ஏன் என்று வேந்தர் வினவியதால் உட்கார்ந்து ஆராய்ந்தோம். கடல் கடந்து விற்பவர் எழுதுகிறார். உள்ளூர்ச் சந்தையில் விற்கும் செக்கார், கேட்க ஆளில்லை என்று சும்மா இருக்கிறார். பெரிய கணத்தில் நான்கு எழுத்தர் இருப்பதால் ஏடு பெருகுகிறது. மலையடிவாரத்துப் பாய் முடைவோரோ, அறுத்த கோரைக்கு மறுகோரை நட்டு, உழைக்க முடியாதவர்க்குச் சோறும் போடுகிறார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் அவர்களிடமிருந்து ஓர் ஓலை நறுக்கும் வரவில்லை. உப்பளத்தார், பக்கத்துக் கணம் எழுதிவிட்டதே என்ற பதற்றத்தில் அதையே பார்த்தெழுதி, தம் உப்புப் பாத்திகளின் நடுவே மான்கள் மேய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொய் எழுதினால் என்ன ஆகும் என்ற அச்சம் மட்டும் ஒருவருக்கும் இல்லை. ஆணையில் தண்டம் எழுத மறந்தது எம் பிழை, ஒப்புக்கொள்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மணிமுடியாக வந்தது உமது நகரின் சாயக் கணத்தலைவர் காரி நெடுவண்ணனார் அனுப்பிய முந்நூறு ஏட்டுச் சுவடி. பட்டுக் கயிறு, சந்தனப் பலகை, ஏட்டுக்கு ஏடு மயில் ஓவியம். ஆற்றங்கரைப் பனங்காட்டைக் கண்ணைப்போல் காப்பதாக மட்டும் எண்பது ஏடுகள். பின்னர் எம் ஒற்றர் போய்ப் பார்த்தால், அக்காட்டில் ஒரு மரத்திலும் குருத்தில்லை. தீவின் வணிகர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக இச்சுவடியை அறுபது படிகள் எடுத்தார்களாம். ஓலை அத்தனையும் அங்கிருந்தே வெட்டினார்களாம். அடடா! காட்டைக் காத்த கதையை எழுதியே காட்டை மொட்டையடித்த பெருமை நம் நாட்டுக்கே உரியது.

சுவடியின் கடைசி ஏட்டில் ‘நேரில் கண்டோம்’ என்று உமது கைந்நாட்டு இருக்கிறது. எங்கே நின்று கண்டீர்? காரியார் உமக்குச் சம்பந்தி என்பதும், அன்று அவர் வீட்டில் விருந்து என்பதும், நீர் இலையை விட்டு எழவே இல்லை என்பதும் எமக்குத் தெரியும். பாயசத்தைக் கண்டிருப்பீர், ஆற்றைக் கண்டதாகத் தெரியவில்லை.

ஆற்றங்கரை ஊரின் ஓலையை அவையில் கேட்குமுன், அவ்வாற்று நீரில் வேந்தர் ஒரு மிடறு பருகுவது நம் பழைய முறை. காரியார் விவரமானவர், சுவடியோடு, ஆற்றுநீர் என்று மலைச்சுனை நீரை அனுப்பியிருந்தார். அதே நாளில், சாயப்பட்டறைகளுக்குக் கீழே உள்ள கீழ்மடை ஊரிலிருந்து கொற்றி என்னும் உழவுப்பெண் ஒருத்தி, முறையீட்டோடு, அவ்வாறு பாய்ந்து நிரப்பும் தன் ஊர்க் குளத்து நீரையும் ஒரு பானையில் கொண்டுவந்திருந்தாள். பானை மாறியது பணியாளர் பிழை. கருங்கல் கிண்ணத்தில் ஊற்றியதால் நிறமும் தெரியவில்லை. வேந்தர் வாய் வைத்தார், துப்பினார்; அதற்குள் அவரது நரைத்த மீசை மயில்கழுத்து நிறமாயிற்று. அவை முழுவதும் தலைகுனிந்து தோள் குலுங்கியது. சேனாபதி இருமுவதுபோல் வெளியே ஓடினார். எலுமிச்சையும் சீயக்காயும் தேய்த்து இன்று ஒன்பதாம் நாள். மீசை இன்னும் நீலமே.

சிரிப்பு அடங்கியபின், பானையில் ஏன் பாதி நீரே இருக்கிறது என்று வேந்தர் வினவினார். கொற்றியின் மறுமொழி ஓலைக்குரிய நடையில் இல்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுக என்று அவர் பணித்ததால் எழுதுகிறோம்.

“அஞ்சு நாள் நடந்து வந்தேன் சாமி. என் கை நீலமா இருக்கறதப் பாத்துட்டு, ஒட்டுவாரொட்டி நோயின்னு எந்த ஊர்லயும் கெணத்துப் பக்கமே விடல. தாகத்துக்கு இதத்தான் குடிச்சேன். எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கும் இதத்தான் ஊத்துறோம். அறுவது வீடு இருந்துச்சு, இருவது வீடு பூட்டியாச்சு. ஆடி பொறந்தா மிச்சமும் கெளம்பிரும். ஓலையில என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அத எழுதுனவரு எங்க ஊருப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்ல சாமி.”

அதன்பின் அவையில் யாரும் சிரிக்கவில்லை. எமக்கு வெட்கமாக இருந்தது. முந்நூறு ஏட்டையும் முதலில் படித்துவிட்டு, ஓரத்தில் ‘மிக நன்று’ என்று குறிப்பெழுதியவர் யாம்தான்.

ஆகவே வேந்தரின் ஆணை இது. சுவடியின் நூற்றுப் பத்தாம் ஏட்டில், ‘கீழ்மடை மக்கள் எம் உடன்பிறந்தார்’ என்று காரியார் உருகி எழுதியிருக்கிறார். உடன்பிறந்தார் வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது போலும். ஓலை கண்ட மூன்றாம் நாள் அவர் கீழ்மடைக்குக் குடிபோகுக; பூட்டிய வீடுகளில் ஒன்றில் தங்குக; அவ்வூர்க் குளத்து நீரையே குடிக்க, குளிக்க, சமைக்கக் கொள்க. பட்டறைக் கழிநீரைத் தேக்கித் தெளியவைக்கும் குட்டைகளை அங்கிருந்தபடியே அவர் வெட்டுவிக்கலாம். விரைவாகவா மெதுவாகவா என்பது அவர் விருப்பம். சம்பந்தி முறைக்கு நீரும் உடன் தங்குக. தீவின் கலங்கள் வந்தால் வணிகர்களை அங்கேயே அனுப்புக. நீங்கள் இருவரும் எப்போது திரும்பலாம் என்று சொல்லும் உரிமை, ஆற்றுக் கண்காணியாக வேந்தர் அமர்த்தியிருக்கும் கொற்றிக்கு மட்டுமே உண்டு.

முகில் இலச்சினை இட்ட இவ்வோலையை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். எழுந்து நின்று இரு கையாலும் வாங்குக. காரியாரின் வண்டியில் பாய், தலையணை, விசிறி, பாத்திரம், வேண்டுமானால் எழுத்தர் நால்வரும் ஏறலாம். தண்ணீர்ப் பானை மட்டும் ஏறக்கூடாது.